மறு: கால்நடை நோயின் ‘புறவிளைவு’ – வேறு சொல் உண்டா?

வணக்கம் அண்ணை,

கால்நடை நோய் ஒன்று, தொற்றாத மனிதரையும் சுற்றியுள்ளவற்றையும் பாதிக்கிற விளைவுக்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். நீங்கள் எழுதியது:

> பொருளியலில் ஏற்கெனவே ‘புறவிளைவு’ (ஒரு செயலால் அதில் சம்பந்தப்படாதவருக்கு வரும் நன்மை தீமை) இருக்கிறது. அதையே எடுத்தால் என்ன?

எனக்கு ஒட்டவில்லை. ‘புறம்’ என்றதும் பட்டிக்கு வெளியே யாருக்கோ நடப்பது போலாகிவிடுகிறது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு பட்டியை நினைத்துப் பாருங்கள். மாட்டுக்கு வரும் தோல் கழலை நோய், சனம் பெரியம்மை என்பது, 2020இல் வடக்கில் தலைகாட்டியது. அந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் வீட்டில் அது தொடாத ஆள் இல்லை. பால் வற்றும், சேகரிப்பு நிலையத்துக் காசு நிற்கும். மாடு சுகப்பட்ட பிறகும் தழும்பைக் காட்டி இறைச்சி விலைக்குத்தான் கேட்பார்கள். கடிக்கிற ஈயும் நுளம்பும் நோயைக் காவுவதால் இரவிரவாகப் பட்டியடியில் வேப்பம்புகை; அதைச் சுவாசிப்பது வீட்டுக்காரரும்தான். இதில் எது புறம்?

‘பக்கவிளைவு’ குளிசைக்குப் போய்விட்டது. ‘விலங்குவழி நோய்’ விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் தொற்றைச் சொல்வது. இங்கே தொற்று மாட்டோடு நின்றுவிட்டது.

என் முன்மொழிவு: நோய்ப்படர்வு. பரவுவது கிருமி, படர்வது விளைவு. கொடி ஒன்றைப் பற்றிக்கொண்டு அடுத்ததுக்குப் போகிற மாதிரி. பழந்தமிழில் ‘படர்’ என்றால் துன்பமும்கூட, அது உபரி வரவு!

---

தம்பி,

கொடி பிடித்திருக்கிறது. ஆனால் ‘நோய்ப்படர்வு’ என்றால் எல்லோரும் நோய் பரவுவதாகத்தான் வாசிப்பார்கள். படர்தாமரைக்குப் பூசும் மருந்தா என்று கேட்கவும் ஆள் வரும்.

துன்பத்தையும் விடுங்கள். ஆபிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியில் 1960களில், மாட்டிலிருந்து காட்டு விலங்குக்கும் தொற்றிய வெக்கை நோய் ஒழிந்த பிறகு வில்டபீஸ்ட் மான்கள் பெருகிப் புல்லை மேய்ந்தன, காட்டுத்தீ குறைந்தது, மரம் தழைத்தது. அதுவும் இதே வகை விளைவுதான், துன்பம் எங்கே?

இன்னொன்று. 2022 டிசம்பர்க் குளிரில் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் ஆடு மாடு செத்தபோது, நோயோ என்ற பயத்தில் வடக்கு கிழக்கிலிருந்து இறைச்சி கொண்டுபோகத் தடை வந்தது. காரணம் குளிர் என்று பிறகுதான் தெரிந்தது. நோயே இல்லாமல் இறைச்சிக் கடைக்காரருக்கு அடி.

---

அண்ணை,

சரி, துன்பத்தைக் கைவிடுகிறேன். ‘நோய்’ முன்னொட்டும் வேண்டாம். படர்விளைவு என்று மட்டும் வைப்போம்: ‘தோல் கழலையின் படர்விளைவு’, ‘குளிர்ச்சாவின் படர்விளைவு’. இரண்டும் வாயில் நிற்கின்றன.

பட்டிக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். “வினை என்று சொல்லேன், எல்லாருக்கும் விளங்கும்” என்றார். அதை என்ன செய்வது?