ஜெர்மனியில் சங்கத் தோட்டம் எடுப்பது: கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மூன்றாம்மாடி கேட்டது:

வணக்கம். லைப்சிக்கில் மூன்றாவது மாடி வீட்டில் இருக்கிறோம், பால்கனிகூடக் கிடையாது. பக்கத்திலுள்ள க்ளைன்கார்ட்டன் (நகரவாசிகளுக்குக் குத்தகைக்குத் தரும் சிறு தோட்டம்) சங்கம் ஒன்றில் 300 சதுர மீட்டர் தோட்டம் காலியாகிறது. மரக்குடில், நான்கு பழமரங்கள், பெரிய புல்தரை எல்லாம் உண்டு. ஆண்டுக் குத்தகையைக் கேட்டால் நம்ப முடியாத அளவு குறைவு. இவ்வளவு மலிவாகத் தருவது ஏன், அதற்குப் பதிலாக நம்மிடம் என்ன எதிர்பார்ப்பார்கள், முதல் ஆண்டை எப்படித் தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகள் ஓடியாட ஒரு புல்தரையும் வார இறுதியில் தங்க ஒரு குடிலும் இருந்தால் போதும் என்பதுதான் இப்போதைய எண்ணம்.

எல்ஸ்டர்க்கரை பதில்:

அந்தக் கடைசி வரியை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கப்போவது வார இறுதி வீடு அல்ல, காய்கறித் தோட்டம். குத்தகை மலிவாக இருப்பதே அதனால்தான்.

1983-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் க்ளைன்கார்ட்டன் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தோட்டம் 400 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. குடில், கூரை போட்ட திண்ணையையும் சேர்த்து, 24 சதுர மீட்டருக்குள் எளிய கட்டுமானமாக இருக்க வேண்டும். நிரந்தரமாகக் குடியிருக்க ஏற்றதாக அது இருக்கக் கூடாது. அந்த வட்டாரத்தில் வணிகரீதியாகக் காய்கனி விளைவிக்கும் நிலத்துக்கு என்ன குத்தகையோ, அதன் நான்கு மடங்குக்கு மேல் நில உரிமையாளர் உங்களிடம் கேட்க முடியாது. பண்ணை நிலத்தின் குத்தகைதான் அளவுகோல் என்பதால், நகரத்து மனை விலை எவ்வளவு ஏறினாலும் உங்கள் குத்தகை சதுர மீட்டருக்குச் சில பத்து சென்ட் அளவிலேயே நிற்கிறது.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. நிலத்தில் உண்மையாகவே காய்கனி விளைய வேண்டும். 2004-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் அளவு சொன்னது: பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், வழக்கு என்று வந்தால் பார்ப்பது தோட்டத் தொகுதி முழுவதையும். ஆளாளுக்குப் புல்தரையும் ஊஞ்சலுமாக மாற்றிக்கொண்டே போனால், 'இது வார இறுதி வீட்டுக் குடியிருப்பு, அந்தச் சட்டம் இங்கே செல்லாது' என்று நில உரிமையாளர் வாதாடலாம். அது எடுபட்டால் குத்தகை உச்சவரம்பும் போச்சு, நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்ற காப்பும் போச்சு. பாதிப்பு அத்தனை பேருக்கும். சங்கத்தார் டேப்போடு வந்து உங்கள் பாத்தியை அளந்தால் கெடுபிடி என்று நினைக்காதீர்கள்; எல்லாருடைய நிலத்தையும் காப்பாற்றத்தான் அளக்கிறார்கள்.

உங்கள் 300-இல் 100 சதுர மீட்டர் விளைச்சலுக்குப் போக வேண்டும். காய்கறிப் பாத்தி, உருளைக்கிழங்கு, பெர்ரிப் புதர், மூலிகை, பழமரம் எல்லாம் கணக்கில் வரும். புல்தரையில் தனியாக நிற்கும் ஓர் ஆப்பிள் மரத்துக்கு எத்தனை சதுர மீட்டர் என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும், முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். மீதி 200-இல் குடிலும் பாதையும் போகப் பிள்ளைகளுக்கு இடம் தாராளம்.

இனி கைமாற்றும் விஷயம். குத்தகை சங்கத்துக்கு. குடிலுக்கும் செடிகளுக்கும் முன்னவருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தத் தொகையைச் சங்கத்தின் மதிப்பீட்டாளர் நேரில் பார்த்து எழுத்தில் தருவார். அந்தத் தாள் கைக்கு வராமல் ஒரு யூரோவும் கொடுக்க வேண்டாம். சோபா, கிரில், புல் வெட்டும் இயந்திரம் எல்லாம் தனிப் பேரம். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தோட்டத்தில் பார்க்க வேண்டியவை:

- குடில் 24 சதுர மீட்டரைத் தாண்டியிருக்கிறதா? அனுமதியில்லாத ஒட்டுக் கட்டடம் இருந்தால், இடிக்கும் செலவு பிறகு உங்கள் தலையில் விழும்.
- ஊசியிலை மரம், வால்நட் போன்ற பெருமரம் நிற்கிறதா? பெரும்பாலான சங்க விதிகளில் தடை. முன்னவர் செலவிலேயே அகற்றச் சொல்லி மதிப்பீட்டில் எழுத வையுங்கள்.
- கழிவறை எப்படிப்பட்டது? தோண்டிப் புதைத்த பழைய தொட்டி கசிந்தால் சிக்கல். உலர்கழிவறை இருந்தால் நிம்மதி.
- கூரை கிழக்கு ஜெர்மனிக் காலத்து நெளிதகடா? அது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இவை போக ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பொதுவேலை உண்டு. போகாவிட்டால் மணிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். போவதுதான் நல்லது. உங்கள் மண்ணைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லாரும் அன்று அங்கே இருப்பார்கள்.

மண்புழு பதில்:

மேலே சொன்னதோடு மண்ணையும் தண்ணீரையும் பற்றிச் சேர்க்கிறேன்.

முதலில் மண் சோதனை. 15, 20 இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி எடுத்து, வாளியில் கலந்து, அரைக் கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பல பத்தாண்டுகள் உழைத்த தோட்டத்தில் பெரும்பாலும் பாஸ்பரஸ் குறைவாக இருக்காது, மிதமிஞ்சிக் கிடக்கும். அதில் மேலும் மேலும் கம்போஸ்ட்டைக் கொட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 3 லிட்டர் போதும். பரப்பினால் வெறும் 3 மில்லிமீட்டர். பார்க்க ஒன்றுமே போடாததுபோல் இருக்கும், நம்புங்கள். அடுப்புக் கரிச்சாம்பலைக் கொட்டிவந்த பழைய தோட்டம் என்றால் கன உலோகச் சோதனைக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

களை மண்டிய இடத்தில் உழவு இயந்திரத்தை இறக்கவே கூடாது. க்வெக்கே என்கிற புல்லின் வேரை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளைக் கயிறுபோல், விரல் அகலத்துக்கு ஒரு கணுவோடு, நுனி ஊசியாக இருக்கும். உருளைக்கிழங்கையே துளைத்துக்கொண்டு போகும். இயந்திரம் அதைப் பத்துத் துண்டாக நறுக்கினால் பத்தும் முளைக்கும். கவைமுள்ளால் மண்ணை நெம்பி, வேரை அறுக்காமல் உருவ வேண்டும். கீர்ஷ் என்ற களைக்கும் இதேதான்.

100 சதுர மீட்டரையும் முதல் ஆண்டே கொத்த நினைத்தால் ஜூன் மாதமே சலித்துவிடும். பாதியைக் கொத்துங்கள். மறுபாதியில் அச்சில்லாத அட்டைப்பெட்டிகளை, ஒட்டுநாடாவை உரித்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்து நனைத்து, வைக்கோலும் வெட்டிய புல்லும் மூடாக்காகப் போடுங்கள். மே கடைசியில் அட்டையில் துளையிட்டு, குழிக்கு 6 லிட்டர் கம்போஸ்ட் போட்டுப் பூசணி வையுங்கள். இரண்டு சதுர மீட்டருக்கு ஒரு செடி. இலை மூடியதும் களைக்கு வெளிச்சம் கிடைக்காது, சங்கத்தின் கணக்கிலும் அது விளைநிலம்தான்.

பாத்தி அகலம் 1.2 மீட்டர், நடைபாதை 40 சென்டிமீட்டர். இருபக்கமும் நின்றால் நடுவரை கை எட்டும், பாத்தியை மிதிக்க வேண்டியிருக்காது. விதை உருளைக்கிழங்கு 10 சதுர மீட்டருக்கு 3 கிலோ, ஏப்ரல் நடுவில். தக்காளி, வெள்ளரி நாற்றை மே 15-க்கு முன் வெளியே நட வேண்டாம். மே 11 முதல் 15 வரையுள்ள நாட்களை இங்கே 'பனிப் புனிதர்கள்' என்பார்கள். ஏப்ரல் வெயிலை நம்பி நட்டதெல்லாம் அந்த வாரத்தில் ஒரே இரவில் கருகிப் போகலாம். தக்காளிக்கு மேலே கூரை கட்டாயம். இலை சில மணி நேரம் ஈரமாக இருந்தாலே பின்கருகல் நோய் பிடிக்கும், பக்கத்துத் தோட்டத்து உருளைக்கிழங்கிலிருந்து காற்றிலேயே வரும்.

தண்ணீர்க் கணக்கு: கோடையில் சதுர மீட்டருக்கு வாரம் 10 முதல் 15 லிட்டர். 80 சதுர மீட்டர் பாத்திக்குக் கிட்டத்தட்ட 1000 லிட்டர். 24 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், சேதாரம் போக 200 லிட்டர் கிடைக்கும். ஒரு பீப்பாய் போதாது என்பது இதிலேயே தெரியும். தினமும் தெளிப்பதைவிட வாரத்தில் இரண்டு முறை ஆழமாக ஊற்றுவது மேல். இலையுதிர் காலத்தில் சங்கம் தண்ணீரை நிறுத்தியதும் குழாய்களை வடித்து, மீட்டரைக் கழற்றி, உறையாத இடத்தில் வையுங்கள். வால்வைப் பாதி திறந்தபடி விடுங்கள். முழுக்க மூடினால் உள்ளே சிக்கும் நீர் உறைந்து உடைத்துவிடும்.

மூன்றாம்மாடி:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். அவரை, முருங்கை, கீரை, பாகல் இங்கே வருமா? இந்தத் தோட்டங்களை 'ஷ்ரேபர்கார்ட்டன்' என்றும் சொல்கிறார்களே, அந்தப் பெயர் ஏன்? ஷ்ரேபர் என்பவர்தான் தொடங்கினாரா?

பயத்தங்கொடி பதில் (இலண்டன்):

காய்கறிக்கு நான் சொல்லுறன். அவரையில ஏமாறாதேங்கோ. ஊர் அவரை பகல் குறுகினாத்தான் பூக்கும். உங்கட பக்கம் ஜூன் மாதம் 16 மணித்தியாலத்துக்கு மேல வெளிச்சம். கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து, செப்டெம்பர் கடைசியிலதான் பூ எடுக்கும், பிஞ்சு பிடிக்க முதல் உறைபனி வந்து கொண்டுபோயிடும். நோய் எண்டு நினைச்சு மருந்தடிக்கிற ஆக்கள் இருக்கினம். அது நோயில்லை, நாள் நீளம். பதிலா ஃபாயர்போனே எண்டு அங்க விக்கிற செம்பூ அவரையைப் போடுங்கோ. மே நடுவுக்குப் பிறகு, இரண்டரை மீட்டர் கம்பைச் சுத்தி 6 விதை, 3 சென்டிமீட்டர் ஆழம். பிஞ்சா ஆய்ஞ்சு நல்லா அவிச்சுச் சாப்பிடவேணும், பச்சையாத் திண்டா நஞ்சு.

கீரை நல்லா வரும். தண்டுக்கீரையை மண் சூடான பிறகு, மே கடைசி துவக்கம் ஜூலை நடுவரை விதைக்கலாம். வெந்தயக்கீரை ஏப்ரலிலயே. கொத்தமல்லி ஜூனில போட்டா இலை வர முதல் பூத்திடும், ஆகஸ்டில போடுங்கோ. பச்சை மிளகாய்க்கு பெப்ரவரி கடைசியில வீட்டுக்குள்ள 25 டிகிரியில நாற்றுப் போடவேணும். பாவற்காய், புடலங்காய், வெண்டிக்காய்க்குக் கண்ணாடிக் குடில் இல்லாமச் சரிவராது. கண்ணாடிக் குடில் வைக்கச் சங்கத்தின்ர அனுமதி எழுத்தில வாங்குங்கோ. முருங்கை வெளியில நிண்டா முதல் குளிரோட சரி, சாடியில வைச்சு வீட்டுக்குள்ள தூக்கலாம்.

தொழு உரம் வாங்கேக்க ஒரு விசயம். 2008-இல பிரிட்டனில கனபேற்ற அலாட்மென்டில (இங்கத்த குத்தகைத் தோட்டம்) தக்காளியும் பீன்ஸும் இலை சுருண்டு பன்னம்மாதிரிப் போச்சு. காரணம் அமினோபைரலிட் எண்ட களைகொல்லி. மேய்ச்சல் புல்லில அடிச்சது, மாடு குதிரையின்ர வயித்தால வந்து சாணியிலயும் மிஞ்சி நிக்கும். சோதிக்கிறது சுகம்: அந்த உரத்தைச் சாடி மண்ணோட சரிக்குச் சரி கலந்து மூண்டு சாடியில போடுங்கோ, வெறும் சாடி மண்ணில இன்னும் மூண்டு. எல்லாத்திலயும் பாக்கிலா பீன்ஸ் (broad beans) நட்டு நாலு கிழமை பாருங்கோ. உரம் போட்ட சாடியில மட்டும் இலை கிண்ணம்போல வளைஞ்சா அந்த உரம் வேண்டாம்.

இங்கத்த முறை வேற. 1908 சட்டத்தின்படி, உள் இலண்டன் தவிர்த்து, கேள்வி இருக்கிற இடத்தில உள்ளூராட்சி மன்றம் நிலம் தரக் கடமைப்பட்டது. முழுத் துண்டு ரோட் எண்ட பழைய அளவில 10, ஏறத்தாழ 250 சதுர மீட்டர். இப்ப அரைத் துண்டுதான் கூடக் குடுக்கினம். குடில் எண்டால் சாமான் வைக்கிற கொட்டில், படுக்கேலாது. 1950 சட்டத்தால கோழியும் முயலும் வளர்க்கலாம், சேவல் கூடாது. துண்டு எடுக்க முதல் அந்த நிலம் சட்டப்படி அலாட்மென்டுக்கெண்டே ஒதுக்கினதோ, தற்காலிகமோ எண்டு கேளுங்கோ. முதல் வகையை அமைச்சரின்ர ஒப்புதல் இல்லாம மன்றம் விக்கேலாது. மற்றதுக்கு அந்தக் காப்பு இல்லை.

எல்ஸ்டர்க்கரை:

ஷ்ரேபர் எந்தத் தோட்டத்தையும் தொடங்கவில்லை. அவர் லைப்சிக் மருத்துவர், பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி வேண்டும் என்று எழுதியவர், 1861-இல் இறந்தார். பள்ளித் தலைமையாசிரியர் ஹவுஷில்ட் 1864-இல் தொடங்கிய சங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார். அந்தச் சங்கம் உருவாக்கியது விளையாட்டுத் திடல்தான். அதன் ஓரத்தில் பிள்ளைகளுக்கு என்று பாத்தி போட்டவர் கெசல் என்ற ஆசிரியர். பிள்ளைகள் களையெடுக்கச் சலித்துக்கொள்ள, பெற்றோர் கையில் எடுத்தார்கள், வேலி வந்தது, குடில் வந்தது. அந்தச் சங்கத்தின் கட்டடத்தில் இப்போது க்ளைன்கார்ட்டன் அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள்.

ஏழைகளுக்குத் தோட்டத் துண்டு கொடுப்பது அதற்கும் முந்தியது. வடக்கே காப்பெல்னில் 1814-லேயே இருந்தது. முதல் உலகப்போரின் பட்டினிக்குப் பிறகு, 1919-இல்தான் குத்தகை வரம்பும் வெளியேற்றத் தடையும் சட்டமாயின. இன்றைய விதியின் வேர் அங்கே இருக்கிறது: நகரத்து ஏழை தன் சாப்பாட்டைத் தானே விளைவித்துக்கொள்ள நிலம்.

மூன்றாம்மாடி:

தோட்டத்தை இன்று மறுபடி பார்த்தேன். கூரை சாம்பல் நிற நெளிதகடு, மேலே பாசி. முன்னவர் 'அழுத்தத் தண்ணீர் அடித்தால் புதிதுபோல் ஆகிவிடும்' என்கிறார்.

மண்புழு:

அடிக்கவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அழுத்த நீர் நாரைப் பெயர்த்துப் பாத்தி முழுக்கத் தெளிக்கும், சட்டப்படியும் தடை. ஜெர்மனியில் 1993-இல் ஆஸ்பெஸ்டாஸ் தடை செய்யப்பட்டது, அதற்கு முந்திய தகடு என்றால் அதுதான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடையாமல் கிடக்கும் தகட்டை அப்படியே விட்டுவைக்கலாம். துளையிடுவது, அறுப்பது, சுரண்டுவது, மேலே சோலார் பலகை பொருத்துவது எதுவும் கூடாது. அந்தக் கூரை நீரைக் காய்கறிப் பீப்பாய்க்குத் திருப்ப வேண்டாம். அகற்ற வேண்டுமானால் அதற்கான தகுதிச் சான்று உள்ளவர்கள்தான் தகட்டை நனைத்து, முழுசாகக் கழற்றி, மூடிய பையில் கட்டிக் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவுக்கு எழுத்தில் விலை வாங்கி மதிப்பீட்டாளரிடம் கொடுங்கள், குடிலின் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கழிக்க மறுத்தால் இந்தத் தோட்டம் வேண்டாம், அடுத்தது காலியாகும்வரை காத்திருங்கள்.