திறந்த உரிமத்தில் கொடுத்ததை மற்றவர்கள் விற்றபோது: உங்கள் அனுபவம் என்ன?

பிக்சல் ஓவியர்:

கணினி விளையாட்டுகளுக்காக நான் வரைந்த நிலவறை டைல் தொகுப்பை (சுவர், தரை போன்றவற்றின் சிறு சதுரப் படங்கள்), விளையாட்டுப் படங்களைப் பகிரும் ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் சிசி-பை-எஸ்ஏ என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், விற்கலாம். ஆனால் பெயர் குறிப்பிட வேண்டும். படத்தைத் திருத்தினால், திருத்தி வெளியிட்டதற்கும் அதே உரிமம்தான். ஒரு சிறு குழு அதை எடுத்து, விலைக்கு விற்கும் விளையாட்டு ஒன்றை உருவாக்கியது. "உன் உழைப்பில் அவர்கள் கல்லா கட்டுகிறார்களே" என்று நண்பர்களுக்கு என்னைவிட அதிகக் கோபம்.

எனக்குக் கோபம் வரவில்லை. என் தொகுப்பில் சுவரின் உள்மூலைகளுக்கு டைல் கிடையாது. கதவுகளும் ஒரே திசையில்தான் திறந்தன. பொழுதுபோக்காக எடுத்தவர்கள் அந்த இடங்களை ஒரு தூணை வைத்து மறைத்துவிட்டுப் போனார்கள். காசு கொடுத்து வாங்குபவர் குறை சொல்வார் என்ற பயம் உள்ளவர்கள்தான் உட்கார்ந்து ஒவ்வொரு மூலையையும் வரைந்தார்கள். உரிமத்தின் நிபந்தனைப்படி அத்தனையும் பொதுவுக்குத் திரும்பி வந்தன. இன்று புதியவர்களுக்கு நான் கைகாட்டுவது அந்தத் திருத்திய தொகுப்பைத்தான்.

திறந்த உரிமத்தில் விளையாட்டுப் படங்கள் உருவாக்க 2012இல் நடந்த லிபரேட்டட் பிக்சல் கப் போட்டியின் ஸ்பிரைட்டுகளும் (பாத்திரங்களின் சிறு படங்கள்) விற்பனைக்குத் தடையில்லாத உரிமங்களில்தான் வந்தன. அதே பாணியில் உடைகளும் ஆயுதங்களும் வரைந்து சேர்ப்பவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் ஓயவில்லை. "வணிகப் பயன்பாடு கூடாது" என்ற நிபந்தனை இருந்திருந்தால் விற்பனையை அனுமதித்து மூலநிரலைத் திறந்து வைக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வரும் விளையாட்டுகளில் அவற்றைக் கலக்க முடியாது. கட்டற்ற இயங்குதளமான டெபியனின் முதன்மைத் தொகுப்பிலும் இடம் கிடைக்காது. பெரிய நிறுவனத்தைத் தடுப்பதாக நினைத்துப் போடும் வேலி அது. முதலில் தடுக்கப்படுவது நம்மவர்கள்தான்.

நிரலாளர்:

எனக்குக் கசப்பான அனுபவம் உண்டு. நாங்கள் பலர் சேர்ந்து எழுதிய விளையாட்டை ஒருவர் அப்படியே எடுத்து, பெயரை மாற்றி, விளம்பரங்களைத் திணித்து வெளியிட்டார். பங்களித்தோர் பட்டியலையே நீக்கியிருந்தார். மூலநிரலைக் கேட்டபோது பதிலே இல்லை. அது வெளியான தளத்தில் புகார் கொடுத்தோம், நீக்கினார்கள். சில நாட்களில் வேறு பெயரில் முளைத்தது. வயிறு எரிந்தது.

இருந்தாலும் அவர் காசு வாங்கியதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பெயரை அழித்ததும் நிரலை மறைத்ததும்தான் குற்றம். பிக்சல் டன்ஜன் விளையாட்டின் மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியானதால்தான் ஷாட்டர்ட் பிக்சல் டன்ஜன் பிறந்தது. அது ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் விலைக்குக் கிடைக்கிறது. நிரலும் திறந்தே இருக்கிறது. மைண்டஸ்ட்ரி விளையாட்டும் அப்படித்தான். வருமானம் இருப்பதால் தொடர்ந்து புதுப்பிக்கிறார்கள். அந்த நிரலைப் படித்து நான் கற்றுக்கொண்டது ஏராளம்.

மேசை விளையாட்டுக் கதைகள் எழுதுபவர்:

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் விதிகளுக்கு 2000ஆம் ஆண்டில் வந்த, மற்றவர்களும் அவற்றைப் பயன்படுத்தி நூல் விற்க அனுமதிக்கும் ஓஜிஎல் உரிமத்தை நம்பிச் சிறு சாகச நூல்களை விற்பவன் நான். மற்றொரு பதிப்பகத்தின் நூலில் திறந்த உள்ளடக்கமாக வந்த பூதத்தை என் கதையில் தாராளமாக உலவவிட முடிந்தது. எந்த நூலிலிருந்து எடுத்தோமோ அதன் பெயரை உரிமத்தின் 15ஆம் பிரிவில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சில நூல்களில் அந்தப் பட்டியல் பக்கக்கணக்கில் நீளும். அதைப் படிப்பதே எனக்குத் தனி மகிழ்ச்சி: யார் தோளில் யார் நின்றார்கள் என்பது அதில் வரிசையாகத் தெரியும்.

2023 ஜனவரியில், ஓஜிஎல்லுக்குப் பதிலாக வரவிருந்த கடுமையான புதிய உரிமத்தின் வரைவு கசிந்தபோது பிழைப்பில் மண் விழுந்தது என்றே நினைத்தேன். ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களோடு விற்பனையை நம்பி வாழ்ந்த பதிப்பாளர்களும் நின்றார்கள். பைசோ என்ற போட்டிப் பதிப்பு நிறுவனம் ஓஆர்சி என்ற மாற்று உரிமத்தை அறிவித்தது. அம்மாத இறுதிக்குள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5.1 விதித்தொகுப்பு, பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற சிசி-பை 4.0 உரிமத்தில் வந்துவிட்டது. அதைத் திரும்பப் பெற முடியாது. வெறும் ஆர்வலர்களாக மட்டும் நாம் இருந்திருந்தால் இவ்வளவு விரைவில் நடந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

இசையமைப்பவர்:

என் மெட்டுகள் சிசி0 உரிமத்தில் இருக்கின்றன. பெயர்கூடக் குறிப்பிட வேண்டியதில்லை. எங்கெங்கோ ஒலிக்கின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் யார் எடுத்தார்கள், எதை மாற்றினார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை. ஓவியருக்கு மூலை டைல்கள் திரும்பி வந்ததுபோல எனக்கு ஒரு மெட்டும் திரும்பி வந்ததில்லை. அடுத்த தொகுப்பை சிசி-பை-எஸ்ஏவில் வெளியிடப் போகிறேன். இசைக்கு அந்த உரிமத்தைப் பயன்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: விளையாட்டு உருவாக்குபவர்கள் தயங்குகிறார்களா?