மறு: ஒலிவ இலைச் சேர்மங்கள் – ‘நலச்சேர்மம்’ வேண்டாம், ‘விள்வளையம்’ ஆகுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இழை முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டு எழுதுகிறேன். ஒலிவ இலை பற்றிய கட்டுரைக்குச் சொல் தேடப் போய், இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. இலையிலுள்ள பயன்தரும் பொருள்களுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும் என்பது ஒன்று. இலையின் கசப்புப் பொருளான ஒலியூரோபீன் சேர்ந்த செக்கோஇரிடாய்டு (வளையம் திறந்த ஒரு சேர்ம வகை) என்பதற்குத் தமிழ்ப் பெயர் வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு இரண்டாவதற்கு வருகிறேன்.

> ‘நலச்சேர்மம்’ என்று வைத்தால் படிப்பவருக்குச் சட்டென்று விளங்கும்.

விளங்கும் ஐயா, ஆனால் தவறாக விளங்கும் என்பதே என் கவலை. ஒலிவ இலையில் ஒலியூரோபீன் இருக்கிறது, ஹைட்ராக்சிடைரோசால் இருக்கிறது, வெர்பாஸ்கோசைடு இருக்கிறது. லூட்டியோலின் குளுக்கோசைடு போன்ற ஃபிளேவனாய்டுகளும், ஒலியனோலிக் அமிலம் என்ற டிரைடெர்பீனும் இருக்கின்றன. அமைப்பிலும் வேலையிலும் வேறுவேறான இவை எல்லாவற்றின் நெற்றியிலும் ‘நலம்’ என்று எழுதி ஒட்டிவிட்டால், அளவு என்ன, யாருக்கு, எந்த நிலையில் என்ற கேள்விகளை யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்விகளில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தோனேசியாவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வை எடுத்துக்கொள்வோம். முதல் நிலை இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒலிவ இலைச் சாரம் 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை, 8 வாரம் கொடுத்து, அழுத்தம் குறைக்கும் கேப்டோப்ரில் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். மேல் அழுத்தம் சாரத்தில் சராசரியாக 11.5 புள்ளியும் மாத்திரையில் 13.7 புள்ளியும் இறங்கியது. நியூசிலாந்தில் 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வில், எடை கூடிய நடுவயது ஆண்கள் 46 பேரிடம் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை ஏறக்குறைய 15 விழுக்காடு மேம்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் ஏற்கெனவே அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர் ‘நலச்சேர்மம்தானே’ என்று இதையும் சேர்த்து விழுங்கினால் இரண்டும் கூடி அளவுக்குமேல் இறக்கிவிடக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாத ஒன்றுக்கு நாம் வைக்கும் பெயரே சிபாரிசுக் கடிதமாக ஆகிவிடக் கூடாது.

எண்ணெயையும் இலையையும் குழப்பும் வேலையையும் இந்தப் பெயர் செய்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 432/2012 விதி, இரத்தக் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் கெடாமல் காப்பதாகச் சொல்லிக்கொள்ள அனுமதிப்பது ஒலிவ எண்ணெய்க்கு மட்டுமே. 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்சிடைரோசாலும் அதன் வழிப்பொருள்களுமாக 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை உண்டு. இலைக்கு ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றிருப்பது வேறு: உடலில் லேசாக நீர் தங்கும்போது சிறுநீர் வழியே அதை வெளியேற்றும் மரபுவழிப் பயன். அதையும் நீண்டகாலப் பழக்கத்தை வைத்துத்தான் ஏற்றிருக்கிறார்கள், மருத்துவ ஆய்வை வைத்து அல்ல.

பொதுப்பெயராகத் ‘தாவரச் சேர்மம்’ போதும் என்பது என் கருத்து. நன்மையைப் பெயரில் ஏற்றாமல் வாக்கியத்தில் எழுதுவோம்; அளவோடு எழுதுவோம்.

ஒலிவ மரம் ஒலியூரோபீனை நமக்காகச் செய்துவைக்கவும் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த (மல்லிகையும் இந்தக் குடும்பம்தான்) பிரிவெட் செடியில் நடந்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. இலை முழுதாக இருக்கும்வரை ஒலியூரோபீன் ஓரிடத்திலும் அதை மாற்றும் நொதிகள் வேறிடத்திலும் இருக்கின்றன. புழு கடித்து மென்றதும் தடுப்பு உடைந்து இரண்டும் கலக்கின்றன. குளுக்கோஸ் கழன்று விழுகிறது. எஞ்சிய பகுதி தோல் பதனிட உதவும் குளூட்டரால்டிஹைடைப் போல் வேலைசெய்து, இலைப் புரதத்திலுள்ள லைசீன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்கிறது. புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடுகின்றன. வயிறு நிறையத் தின்றாலும் புழுவுக்கு லைசீன் சேராது. எனக்கு இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

இனி செக்கோஇரிடாய்டு.

முதலில் அமைப்பு. இரிடாய்டு என்பது ஐந்து கார்பன் வளையமும், ஆக்சிஜன் உள்ள ஆறணு வளையமும் ஒட்டியிருக்கும் கூடு. (இரிடோமிர்மெக்ஸ் என்ற எறும்பினத்திலிருந்து வந்த பெயர் அது.) அந்த ஐந்தணு வளையத்தில் ஒரு பிணைப்பு அறுந்து வளையம் திறந்துகொண்டால் செக்கோஇரிடாய்டு. கார்பன் அணு எதுவும் உதிர்வதில்லை. மூடியிருந்தது திறக்கிறது, அவ்வளவே. ஒலியூரோபீனில் அப்படித் திறந்த எலினோலிக் அமிலப் பகுதியோடு ஒருபுறம் குளுக்கோஸும், மறுபுறம் எஸ்டர் பிணைப்பில் ஹைட்ராக்சிடைரோசாலும் நிற்கின்றன. பூர்க்லோவும் வின்டிலெஸ்கோவும் 1908-இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். அமைப்பு தெளிவாக 1960 ஆயிற்று.

இதுவரை வந்த சொற்களில் ‘அறுவளையம்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேதியியல் படித்த யாரும் அதை ஆறணு வளையம் என்றே படிப்பார்கள். இந்த மூலக்கூறில் உடையாமல் மிஞ்சியிருப்பதும் ஆறணு வளையமே என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். ‘முறிவளையம்’ என்றால் ஏதோ சேதமடைந்தது போலத் தொனிக்கிறது. மேலும் முறி என்பதற்குத் தளிர் என்ற பழம்பொருளும் உண்டு, இலையைப் பற்றிய கட்டுரையில் அது வேறு இடறும்.

நான் முன்வைப்பது ‘விள்வளையம்’. விள் என்றால் பிளத்தல், மலர்தல், திறத்தல். மொட்டு விள்கிறது என்போம். வாய் விள்ளாமல் இருந்தான் என்போம். உதிராமல் திறப்பது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

> விள்ளல் என்றால் பிய்த்தெடுத்த துண்டு அல்லவா? பிரிந்து போனதாகப் பொருள்படாதா?

நியாயமான தடை அம்மா. துண்டு என்ற பொருள் ‘விள்ளல்’ என்ற பெயர்ச்சொல்லில் நிலைத்துவிட்டது உண்மை. ஆனால் வினைத்தொகையாக ‘விள்வளையம்’ என்னும்போது விள்வது வளையம். அதிலிருந்து எதையும் பிய்த்தெடுத்ததாக ஆகாது. அதனால் ‘விள்ளல் வளையம்’ என்று யாரும் நீட்டிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு சொல்லைப் பிற இடங்களில் பொருத்திப் பார்க்காமல் நான் ஏற்பதில்லை. வெள்ளறுகின் கசப்புக்குக் காரணமான ஸ்வெர்ஷியாமரின் ஒரு விள்வளைய இரிடாய்டு. நித்தியகல்யாணியில் புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் உருவாகும் வழியில் வரும் செக்கோலோகனினும் அவ்வகையே. இரிடாய்டுக்கு வெளியே வைட்டமின் டி இருக்கிறது: தோலில் படும் புற ஊதாக் கதிர் ஸ்டீராய்டின் ஒரு வளையத்தைத் திறப்பதால் உண்டாகும் அது, விள்வளைய ஸ்டீராய்டு. மூன்று இடத்திலும் இடறாமல் உட்காருகிறது.

ஒலியூரோபீனை அப்படியே விட்டுவிடலாம். ‘ஒலிவக்கசப்பி’ என்று எழுதிய நண்பரின் ஆர்வம் புரிகிறது, ஆனால் தனி மூலக்கூறின் பெயரை உலகம் முழுவதும் ஒரே ஒலியில் தேடுகிறார்கள். வகைப்பெயர்களைத்தான் தமிழில் ஆக்க வேண்டும்; மாணவர் அவற்றைக் கொண்டுதான் சிந்திக்கிறார்.

‘விள்வளைய இரிடாய்டு’ என்று பிரித்தே எழுதலாம். சேர்த்து ‘விள்ளிரிடாய்டு’ என்று சுருக்கினால் வளையம் மறைந்துபோகிறது. மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். குறிப்பாகக் கரிம வேதியியல் கற்பிப்பவர்கள், வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னால் நல்லது.

அன்புடன்