புதுப்பிப்பு: கொழும்புக்கு வந்தாச்சு, வேலை பழக இடமும் கிடைத்தது

ஏசி, பிரிட்ஜ் வேலை பழக ஹட்டனில் இடம் கிடைக்கவில்லை, கொழும்புக்கு வரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் வரச் சொன்னீர்கள், மீதிப் பேர் வாடகையைச் சொல்லிப் பயமுறுத்தினீர்கள். இரண்டும் சரிதான். வெள்ளவத்தையில் தனி அறை கட்டுப்படியாகாது; கொட்டாஞ்சேனையில் ஊர்ப் பையன்களோடு போர்டிங்.

நைட்டா (வேலைத்தலங்களில் தொழில் பழக ஏற்பாடு செய்யும் அரச அதிகார சபை) பற்றிக் கேட்டவர்களுக்கு: தலைமை அலுவலகம் ராஜகிரியவில். ஒரு வேலைத்தலத்தோடு ஒப்பந்தம் போட்டு, அங்கேயே பழகி, பிறகு என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைக்கான மதிப்பீட்டுக்குப் போகலாம். அதில் மொத்தம் 7 மட்டங்கள். 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா. முதலில் பார்த்த கடையில் "ஒப்பந்தம் எதுக்கு தம்பி, சும்மா வந்து பழகு" என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். ஒப்பந்தம் இல்லாமல் பழகினாலும் பிறகு அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்குப் போகலாம்தான், ஆனால் அனுபவக் கடிதத்துக்கு அந்தக் கடைக்காரர் பின்னால் யார் அலைவது?

இப்போதைய பாஸ் சிங்களவர், தமிழ் கொஞ்சம் வரும். அவர் சொல்லித் தருவது: செப்புக் குழாயை வெட்டியதும் உள்விளிம்புப் பிசிறைச் சுரண்ட வேண்டும், அதுவும் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து. தூள் உள்ளே போனால் கம்ப்ரசருக்கு ஆபத்து. பிசிறோடு குழாய் வாயைப் புனல்போல விரித்தால், இணைக்கும் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கேஸ் கசியும். நான் விரித்ததை வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தடவி, "ஆயெத்" என்பார், சிங்களத்தில் 'மறுபடியும்'. திரும்பவும் வெட்டு, திரும்பவும் சுரண்டு.

கைக்காசு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகிறது. வர நினைப்பவர்கள் வேலைத்தலத்தைப் பேசி முடித்த பிறகே அறைக்கு முற்பணம் கொடுங்கள். இல்லையென்றால் மிச்சமும் பஸ்ஸுக்கே போய்விடும்.