காலையில் நன்றாகத்தான் நின்றது: கால்நடைகளின் வயிற்றுக் கோளாறுகள் – அனுபவப் பகிர்வு

இரவுக்கொட்டகை எழுதியது:

நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. ஒரு நாள் இரவு இரண்டு மாடுகள் தீவன அறைக்குள் புகுந்து, அரைத்து வைத்திருந்த மக்காச்சோள மாவைத் தின்றுவிட்டன. எவ்வளவு தின்றன என்று தெரியாது. ஒரு சாக்கு முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. மற்ற மாடுகளை முட்டித் தள்ளிவிட்டு முதலில் வாய் வைக்கும் குணம் மூத்த மாட்டுக்கு உண்டு என்பதால், பெரும்பகுதியை அதுதான் தின்றிருக்க வேண்டும்.

காலை 6 மணிக்கு நான் பார்த்தபோது இரண்டும் நன்றாகத்தான் நின்றன. மூத்தது பாலைச் சற்றுக் குறைத்துக் கொடுத்தது. இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது. தின்றது தானாகச் செரித்துவிடும் என்று எண்ணி என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மாலையில் திரும்பியபோது அது பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. இடது பசிக்குழியில், அதாவது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், கை முட்டியை வைத்து அழுத்தினேன். நலமான மாட்டுக்கு அந்த இடம் பிசைந்த மாவைப் போல இருக்கும் என்பதும், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை உள்ளிருந்து ஓர் அலை எழுந்து கையைத் தள்ளிவிட்டுப் போகும் என்பதும் உங்கள் அனைவருக்கும் தெரியும். அன்று அலை எதுவும் எழவில்லை. பாதி நிரம்பிய குடத்தை ஆட்டினால் வருமே, அந்தச் சளசளப்பு மட்டும் வந்தது. காதை ஒட்டி வைத்து ஐந்து நிமிடம் நின்றேன். அவ்வளவு பெரிய உடம்புக்குள் அப்படியோர் அமைதி இருக்க முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

மருத்துவர் வந்து வயிற்றுக்குள் குழாய் விட்டு எடுத்த நீரில் சோதனைத் தாளை நனைத்தபோது, அமிலம் மிக மிகக் குறையும் எண்ணான pH 5-க்கும் கீழே காட்டியது. 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டியது அது. இடது விலாவைத் திறந்து உள்ளே இருந்ததை வாளி வாளியாக அள்ளினோம். மூன்றாம் நாள் மாடு இறந்துவிட்டது. காலை ஆறு மணிக்கே அழைத்திருந்தால் என்ற கேள்வியோடுதான் இதை எழுதுகிறேன்.

மசால்வயல் எழுதியது:

ஐயா, உங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது கிடைத்தது. எங்களுக்கு இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. பூக்காத இளம் குதிரைமசாலில், விடிகாலை ஈரத்தோடு, பசித்த மாடுகளை அவிழ்த்துவிட்டது யாருடைய தவறு என்பதை இங்கே சொல்ல விரும்பவில்லை. முதலில் ஒரு கிடேரியின் இடது பக்கம் முதுகெலும்புக்கு மேலே எழும்பியது. நாக்கை வெளியே நீட்டி, கால்களை அகட்டி வைத்துக்கொண்டு அது மூச்சுக்குத் தவித்தது.

பசிக்குழியில் குத்திக் காற்றை வெளியேற்றும் கூர்முனைக் குழாய் கையில் இருந்தது. குத்தினால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். நான் குத்தியபோது சீறல் கேட்கவில்லை. குழாயின் வாயில் பச்சை நுரை மெல்ல ஊறி, அடுப்பில் பொங்கும் பாலைப் போலத் தளும்பி, அங்கேயே நின்றுவிட்டது. துளை இருந்தும் காற்று வெளியேறாத அந்தக் காட்சிதான் என் கனவில் வருகிறது. நலமான கறவை மாட்டின் வயிற்றில் மணிக்கு 30 முதல் 50 லிட்டர் வரை வாயு உண்டாகிறது. மாடு அதை ஏப்பமாக விட்டுக்கொண்டே இருக்கும். குதிரைமசால் போன்ற பயறு வகைத் தீவனத்தின் புரதம் அந்த வாயுவைச் சிறு சிறு குமிழிகளாகச் சிறைப்பிடித்துவிட்டால், ஏப்பமும் வராது, குழாயும் உதவாது. அரை லிட்டர் தாவர எண்ணெயைக் குழாய் வழியாகவே உள்ளே ஊற்றிய பிறகு நுரை உடைந்து, கிடேரி பிழைத்தது. பக்கத்தில் நின்ற சினைமாட்டுக்கு வாய் வழியாக எண்ணெய் கொடுத்தோம், அதுவும் பிழைத்தது. நாங்கள் கவனிக்காத மூன்றாவது மாடு வேலியோரத்தில் கிடந்தது.

பழையகறவை எழுதியது:

மேலே இரு நண்பர்களும் எழுதியவற்றில் சில திருத்தங்களைச் சொல்லாமல் கடந்து போக முடியவில்லை.

முதலில் என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தானியம் தின்ற மாடு ஒன்று பிழைத்தது. ஆனால் சில வாரங்கள் கழித்து நான்கு குளம்புகளும் நோக, தரையில் கால் ஊன்றுவதற்கே அது தயங்கியது. சுடு மணலில் நடப்பதுபோல அது அடியெடுத்து வைத்ததை மறக்க முடியாது. வயிற்றில் தொடங்கியது குளம்பில் போய் முடியும் என்பதை அன்று கற்றேன்.

இனி, இரவுக்கொட்டகை நண்பருக்கு. தண்ணீரை அவ்வளவு குடிக்க விட்டிருக்கக் கூடாது. மாவுச்சத்து மிகுந்தால் பால் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அமிலம் மிகுந்த வயிறு இரத்தத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்வதால், உள்ளே சளசளவென்று நீர் இருக்கும்போதே மாட்டின் கண்கள் வறண்டு குழி விழும். அந்த நேரத்தில் வயிற்றில் தண்ணீரைச் சேர்ப்பது நொதித்தலைத்தான் விரைவுபடுத்தும். மேலும், தானியத்தை ஒரே நாளில் கூட்டவே கூடாது. இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஏனெனில் நாம் தீவனம் போடுவது மாட்டுக்கு என்று நினைத்தாலும், அதை முதலில் உண்பவை அந்த நுண்ணுயிர்கள்தாம். அவற்றின் கழிவாக வரும் அமிலங்களிலிருந்துதான் மாடு தனக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைப் பெறுகிறது. காலையில் முதலில் உலர் தீவனம், அதன் பிறகே அடர் தீவனம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். தீவனத்தை மிகவும் பொடியாக நறுக்காதீர்கள். பொடியானால் அசை குறையும், அசை குறைந்தால் உமிழ்நீர் குறையும். ஒரு மாடு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அதிலுள்ள சோடா உப்புதான் வயிற்றின் அமிலத்தை அடக்குகிறது. கடையில் சோடா உப்பு வாங்கிப் போடுபவர்கள், மாடு தானே சுரப்பதைக் கெடுக்காமல் இருந்தாலே பாதிச் செலவு மிஞ்சும். படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசை போடுகின்றனவா என்று தினமும் எண்ணிப் பாருங்கள்.

மசால்வயல் நண்பருக்கும் ஒன்று. மூச்சுத் திணறும் மாட்டுக்குத் தலையைத் தூக்கி வாய் வழியாக எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். உங்கள் சினைமாடு பிழைத்தது உங்கள் நற்பேறு. அதை ஒரு வழிமுறை என்று எழுதி வைக்காதீர்கள்.

நீள்காது எழுதியது:

மாடுகளுக்கு நடுவே முயல் வளர்ப்பவளுக்கும் இடம் உண்டா?

வளர்க்கத் தொடங்கிய புதிதில், அதிகாலையில் ஒரு பெண்முயல் குனிந்து தன் மலவாயிலிருந்து நேரடியாக எதையோ எடுத்து மெல்லாமல் விழுங்கியதைப் பார்த்து அருவருப்படைந்தேன். நோய் என்றே நினைத்தேன். அட்டையை வட்டமாக வெட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டேன். கூண்டுக்குக் கீழே திராட்சைக் கொத்தைப் போன்ற, பளபளப்பான, ஈரமான உருண்டைகள் குவிந்தன. நானும் சுத்தமாகக் கழுவிக்கொண்டே இருந்தேன். முயல் இளைத்துக்கொண்டே போனது.

முயலின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் உள்ள பையில்தான் நார்ச்சத்து நொதிக்கிறது. அங்கே உண்டாகும் புரதத்தையும் பி வகை வைட்டமின்களையும் பெறுவதற்கு அது அந்த மென்மையான உருண்டைகளை மீண்டும் உண்டுதான் ஆக வேண்டும். உலர்ந்த புழுக்கை வேறு, இது வேறு. மாடு மேலே கொண்டுவந்து செய்வதை முயல் கீழே குனிந்து செய்கிறது. அட்டையைக் கழற்றிய அன்று அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் கற்பனை செய்துகொண்டேனோ என்னவோ.

மசால்வயல் எழுதியது:

பழையகறவை ஐயாவுக்கு: நாங்கள் தலையைத் தூக்கவில்லை, குழாயை வாய் வழியாக வயிறு வரை செலுத்தித்தான் எண்ணெய் விட்டோம். "வாய் வழியாக" என்று நான் சுருக்கி எழுதியது என் பிழை. ஆனால் தானியம் தின்ற மாட்டுக்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதைப் பற்றி நீங்கள் அவ்வளவு உறுதியாக எழுதியிருக்க வேண்டியதில்லை. மருத்துவர்கள் அப்படிச் சொல்வது உண்டு என்பது சரி. அதனால் பயன் உண்டு என்பது ஐயமின்றி நிறுவப்பட்டதன்று. மாட்டை இழந்தவரிடம் வாளிக் கணக்கைப் பேசுவதால் என்ன ஆகப்போகிறது?

கிடைக்காரர் எழுதியது:

எனக்கு மறக்க முடியாதது ஒரு நிறம். மாடுகளுக்கான தாது உப்புக் கலவையைச் செம்மறிகளுக்கும் போட்டுவந்தோம். நல்ல பொருள்தானே, மிஞ்சியதை ஏன் வீணாக்க வேண்டும் என்ற எண்ணம்தான். மாதக்கணக்கில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆடுகள் கொழுகொழுவென்று இருந்தன. பிறகு ஒரு நாள் அவற்றை வண்டியில் ஏற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோனோம். இரண்டே நாளில் ஒரு கிடா சோர்ந்து நின்றது. அதன் சிறுநீர் சிமெண்ட் தரையில் கருஞ்சிவப்பாக ஓடியது. ஈறுகளும் கண்களும் மஞ்சளாகியிருந்தன.

இறந்த பிறகு அறுத்துப் பார்த்தபோது மருத்துவர் சிறுநீரகத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். செம்பழுப்பாக இருக்க வேண்டியது, துப்பாக்கிக் குழலின் இரும்பைப் போல நீலக் கறுப்பாக இருந்தது. அந்தக் கலவையில் இருந்த தாமிரம்தான் காரணம். மாடு மிகையான தாமிரத்தைப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். செம்மறியால் அந்த அளவுக்கு இயலாது. அது ஈரலில் சேர்ந்துகொண்டே போய், பயணமோ பட்டினியோ அதிர்ச்சியோ வந்த நாளில் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். எஞ்சியவற்றுக்கு மாலிப்டினம் உப்பும் சல்பேட்டும் கொடுத்துச் சிலவற்றை மீட்டோம். உடனிருந்த வெள்ளாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் எங்களை முதலில் குழப்பியது. அவை செம்மறியைவிடத் தாமிரத்தை நன்றாகத் தாங்கும்.

பழையகறவை ஐயா வரிசையாகச் சொன்ன அறிவுரைகளில் ஒன்றும் இதில் உதவியிருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆடுகள் கடைசி நாள் வரை அசை போட்டுக்கொண்டுதான் இருந்தன.

குழிப்புல் எழுதியது:

நான் ஊறுகாய்ப் புல் போடுபவன், அதாவது பசும்புல்லைக் காற்றுப் புகாமல் குழியில் மூடிப் புளிக்கவைப்பவன். குழியின் மேல் விரித்த தாளுக்குப் பாரமாகப் பழைய டயர்களை அடுக்குவது வழக்கம். டயர் நைந்தால் அதற்குள்ளிருக்கும் கம்பி இழைகள் உதிரும் என்பதை நான் யோசித்ததே இல்லை.

மாடு புல்லைத் துழாவி வாரி விழுங்குமே தவிரப் பொறுக்கித் தின்னாது. கம்பி இரண்டாம் இரைப்பையான தேன்கூட்டு வயிற்றில் தங்கும். அந்த வயிறு சுருங்கும்போது கம்பி குத்தும். அதற்கு முன்னே, உதரவிதானத்துக்கு அப்பால், சில சென்டிமீட்டர் தொலைவில் இதயம் இருக்கிறது. என் மாடு முன்னங்கால் முட்டிகளை வெளியே அகட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, சரிவில் இறங்க மறுத்து, எழும்போது முனகியது. வந்த மருத்துவர் பையிலிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்தபோது, அவர் வழி தவறி வந்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். மாட்டின் நெஞ்சுக்குப் பின்புறம், இடது முழங்கைக்கு அருகில் அதைப் பிடித்தார். முள் அசையவே இல்லை. "காந்தம் விழுங்கவைத்த மாடு இல்லையே இது?" என்று கேட்டார். கொட்டகையின் மறுகோடியில் நின்ற, முந்தைய உரிமையாளர் காந்தம் போட்டிருந்த இன்னொரு மாட்டிடம் கொண்டுபோனார். முள் சட்டென்று திரும்பி அதன் நெஞ்சைச் சுட்டியது. இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு சிறு காந்தக் கட்டை அதன் வயிற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கிறது. என் மாட்டுக்கும் அன்றே ஒன்று போட்டார், அது பிழைத்தது. டயர்களை மணல் மூட்டைகளாக மாற்றிவிட்டேன்.

ஊறுகாய்ப் புல்லை இதற்காக யாரும் குறை சொல்ல வேண்டாம். தீவனத்தை அமிலமூட்டிக் கெடாமல் காக்கும் முறையைக் கண்டதற்காகவும் சேர்த்துத்தான் பின்லாந்தின் ஆர்த்துரி விர்த்தனேன் 1945-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். குழிக்குள் நம் புல்லைக் காப்பாற்றும் பால் அமிலம்தான், முதல் பதிவில் அந்த மாட்டைக் கொன்றிருக்கிறது.

இரவுக்கொட்டகை எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. தண்ணீரைப் பற்றிச் சண்டை வேண்டாம். தொட்டி நிறைந்திருந்தது, அது குடித்தது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தீவன அறைக் கதவு எப்படித் திறந்தது என்று ஒருவர் தனி மடலில் கேட்டிருந்தார். தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது. கடைசியாக உள்ளே போய் வந்தவன் நான்.

இரண்டாவது மாட்டைப் பற்றி முதல் பதிவில் எழுதவில்லை. அது குறைவாகத் தின்றிருந்தது என்றாலும், அதன் வயிறும் இரண்டு நாள் அசையவில்லை. அமிலத்தை அடக்கும் மருந்து கொடுத்த பிறகும் தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். உள்ளே செரிப்பதற்கு நுண்ணுயிரே இல்லை என்று மருத்துவர் சொல்லி, நலமான இன்னொரு மாட்டின் வயிற்றிலிருந்து குழாய் மூலம் சில லிட்டர் நீரை எடுத்தார். பச்சையும் பழுப்பும் கலந்த, இளஞ்சூடான, நுரைத்த அந்த நீரை ஆறவிடாமல் துணி சுற்றிய பாத்திரத்தில் நான்தான் தூக்கி வந்தேன். மூத்த மாட்டின் வயிற்றில் வந்த புளித்த நாற்றம் இதில் இல்லை. புதிதாக அறுத்த புல்லும் சாணமும் கலந்த மணம். அதை அப்படியே குழாய் வழியாக உள்ளே விட்டார்கள்.

மறுநாள் பிற்பகல் அது படுத்திருந்தது. கழுத்தின் இடது பக்கத்தில், கீழிருந்து மேலாக ஓர் உருண்டை ஏறிப் போவதைப் பார்த்தேன். தாடை பக்கவாட்டில் அசையத் தொடங்கியது. கையிலிருந்த வாளியைக் கீழே வைக்காமலேயே நின்று எண்ணினேன். 53 முறை மென்று அது விழுங்கியது.