பொருள்: மொரீஷியஸ் நாடாளுமன்றத்தின் பி.என்.கியூ.வுக்குத் (பிரைவேட் நோட்டீஸ் கொஸ்டியன்) தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

ரோஸ் ஹில் ஆசிரியை, செவ்வாய் இரவு

எல்லாருக்கும் வணக்கம். மேல்வகுப்பில் தமிழ் எடுத்திருக்கும் 11 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு நானே அதில் மாட்டிக்கொண்டேன். நாடாளுமன்ற நேரலையைப் பார்த்து, பகல் 11:30க்கு அவை கூடுவதிலிருந்து இரவு ஒத்திவைப்பு வரை, 'அவையில் ஒரு நாள்' என்று ஆளுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும். நல்லதாக ஒன்று வெள்ளிக்கிழமை பள்ளி மலருக்குப் போகிறது.

பல இடங்களில் தமிழ்நாட்டு வழக்கு கைகொடுத்தது. துணைக் கேள்வி, மசோதா, ஒத்திவைப்பு, எல்லாம் சரி. சில இடங்களில் கைவிட்டது. ஒரு பையன், "இக்கேள்வி திரும்பப் பெறப்பட்டதாக மேசை கூறியது" என்று எழுதியிருக்கிறான். சபாநாயகர் அப்படித்தானே ஆங்கிலத்தில் சொல்கிறார்! மேசை என்றால் அவைச் செயலரும் அவருடைய அலுவலர்களும் என்று விளக்கினேன். "அப்போ நாற்காலி யார் டீச்சர்?" என்றான். சபாநாயகர்தான் நாற்காலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பெரிய சிக்கல்: பி.என்.கியூ. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். மற்ற கேள்விகளெல்லாம் முன்னதாகக் கொடுக்கப்பட்டு, எண் போட்டு, அச்சிட்ட நிரலில் வரும். இதை மட்டும் எதிர்க்கட்சித் தலைவர் அமர்வு நாளன்று காலையில்தான் கொடுப்பார். நிரலில் இருக்காது, ஆனால் முதலில் எடுக்கப்படுவது இதுதான். அரை மணி வரை ஓடும். பிரதமர் கேள்வி நேரமே இதற்குப் பிறகுதான். ஊரே செவ்வாய்க்கிழமை காலையில் "இன்றைக்கு பி.என்.கியூ. எதைப் பற்றி?" என்றுதான் கேட்கும்.

பிள்ளைகளில் இரண்டு பேர் 'தனியார் அறிவிப்புக் கேள்வி' என்று எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி 'இரகசியக் கேள்வி'. மீதிப் பேர் அப்படியே பி.என்.கியூ. ஒரு சொல் கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

போர்ட் லூயிஸ் செய்தியாளர், செவ்வாய் இரவு

டீச்சர், நான் தமிழில் செய்தி எழுதுகிறவன். "எதிர்க்கட்சித் தலைவர் எழுப்பிய கேள்விக்குப் பதிலளித்த அமைச்சர்..." என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவேன். இத்தனை வருடத்தில் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஒருவரும் படிக்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். நம் அவையில் இந்தக் கேள்வியைக் கேட்பவர் எதிர்க்கட்சித் தலைவர்தான். ஆகவே 'எதிர்க்கட்சித் தலைவர் வினா'. முடிந்தது.

மோக்கா ஐயா, புதன் காலை

முடியவில்லை தம்பி. கேட்பவர் பெயரை வைத்தால் அது விலாசம், கலைச்சொல் ஆகாது. அதே எதிர்க்கட்சித் தலைவர் விவாதத்தின் நடுவே எழுந்து வேறொரு கேள்வி கேட்டால் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

முதலில் மூலச் சொல்லைப் பார்க்க வேண்டும். இங்கே 'பிரைவேட்' என்பது தனியாருமில்லை, இரகசியமுமில்லை. அறிவிப்பு பொதுவில் அச்சாகவில்லை, உரியவர் கையில் நேரே போய்ச் சேர்ந்தது என்பதுதான் பொருள். கேள்வி என்னவோ பலரறிய, நேரலையில், நாடே பார்க்கத்தான் கேட்கப்படுகிறது. ஆகவே தனி என்பது வினாவைத் தழுவாது, அறிவிப்பைத்தான் தழுவும். 'தனியார் அறிவிப்பு' என்று எழுதிய பிள்ளைகள் நிலம் விற்கும் விளம்பரம் போல ஆக்கிவிட்டார்கள்.

நிரலுக்குப் புறத்தே நிற்கும் வினா என்பதால் 'புறநிரல் வினா' என்று நான் முன்மொழிகிறேன். அகம், புறம் என்ற பாகுபாடு நம் குருதியில் உள்ளது. மூன்றே அசை. வடசொல் கலப்பு இல்லை.

இன்னொன்று. நன்னூலார் வினாவை ஆறாகப் பிரிக்கிறார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. எதிர்க்கட்சித் தலைவர் கேட்பது இதில் எது? விடை தெரியாமலா கேட்கிறார்? கோப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அமைச்சர் ஒப்புக்கொள்கிறாரா என்று பார்க்கத்தான் கேட்கிறார். ஆசிரியர் மாணவனைக் கேட்பது போன்ற சுத்தமான அறிவினா. எனவே 'அறிவினா' என்றே சொல்லிவிட்டாலும் இலக்கணப் பிழை இல்லை.

விடை எட்டையும் சேர்த்துப் பார்த்தால் டீச்சருடைய வகுப்புக்கு ஒரு மாதப் பாடம் இருக்கிறது. "நீங்கள் ஆட்சியில் இருந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று அமைச்சர் திருப்பிக் கேட்பது வினா எதிர் வினாதல். "போலீஸ் ஆணையர் எனக்குத் தெரிவித்தபடி" என்று தொடங்கி, சாலை விபத்தைக் கேட்டால் புதிய பாலத்தைப் பற்றிப் பேசுவது இனமொழி. நேர்விடை எத்தனை வந்தது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். விரல்கள் போதும்.

கொழும்பு அக்கா (இப்போது எபேன்), புதன் மதியம்

ஐயா, நன்னூல் பகுதி அருமை, அச்செடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தோண்ட வேண்டும்? இலங்கைப் பாராளுமன்றத்தில் தமிழ் ஒவ்வொரு நாளும் புழங்குகிறது. நிரலுக்கு ஒழுங்குப் பத்திரம். அவை விதிகளுக்கு நிலையியற் கட்டளைகள். செங்கோலைச் சுமந்து வருபவர் படைக்கலச் சேவிதர். அதைச் சொல்லும்போதே ஒரு மிடுக்கு இருக்கிறதே! அந்த ஒழுங்கில் 'தனி அறிவித்தல் வினா' என்று வைத்தால் ஐயா சொன்ன இலக்கணமும் சரிப்படும்.

மோக்கா ஐயா, புதன் மதியம்

படைக்கலச் சேவிதரில் சேவிதர் வடமொழி. தீர்மானத்துக்கு அங்கே சொல்லும் பிரேரணையும் அப்படியே.

கொழும்பு அக்கா, புதன் மதியம்

பிரேரணை கொண்டுவந்தால்தான் ஐயா சட்டம் நிறைவேறுகிறது. சொல்லின் சாதகத்தைப் பார்த்து ஒருவரும் வாக்களிப்பதில்லை.

காத்ர போர்ன் அண்ணன், புதன் மாலை

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். ஒரு முக்கியமான விஷயத்தை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். 'பிரைவேட்' என்பதே தமிழ். லத்தீன் மூலத்துக்குப் 'பிரிக்கப்பட்டது' என்று பொருள். பிரி, பிரிவு, பிரிவட்டு, பிரைவட். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ஆகவே 'பிரிவறி வினா' என்று வைத்தால் நம் சொல் நம்மிடமே திரும்பி வரும். இதே போலத்தான் அவை என்பது...

மோக்கா ஐயா, புதன் மாலை

ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. அப்படிப் பார்த்தால் மேசையும் மேய்ச்சலும் அண்ணன் தம்பி.

காத்ர போர்ன் அண்ணன், புதன் இரவு

அவை என்பது சபையிலிருந்து வந்தது என்று ஐயா பல வருடம் முன்பு இதே குழுவில் எழுதியதை நான் மறக்கவில்லை. வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார். மன்றம், பொதியில், அம்பலம் என்று இத்தனை இருந்த இனத்துக்கு ஒரு சபையைக் கடன் வாங்க வேண்டிய தேவை என்ன? உத்திரமேரூர்க் கல்வெட்டில்...

போர்ட் லூயிஸ் செய்தியாளர், புதன் இரவு

உத்திரமேரூர் வந்துவிட்டது. நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

(சாப்பிட்டுவிட்டு வந்து) ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். 1998இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழ் வரி தேவநாகரிக்குக் கீழே போனபோது நாம் சும்மா இருக்கவில்லை. நோட்டையே திரும்பப் பெற வைத்தோம். 100 ரூபாய் நோட்டில் சீனிவாசன் படம் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் பெருமையாகக் காட்டுகிறோம். சரி. ஆனால் அந்தச் சீனிவாசன் அமைச்சராக இருந்து பேசிய அவையில் ஒரு செவ்வாய்க்கிழமை நடப்பதைச் சொல்ல நம்மிடம் இரண்டு பக்கத் தமிழ் இல்லை. வரி மேலே இருப்பதற்குப் போராடினோம், வரியில் என்ன எழுதுவது என்று யோசிக்கவில்லை.

அவையில் ஆங்கிலம்தான் ஆட்சிமொழி, பிரெஞ்சிலும் பேசலாம். தமிழுக்கு அங்கே வேலை இல்லை. அதனால் எந்தச் சொல் வைத்தாலும் படிக்கிறவர் மனத்தில் 'பி.என்.கியூ.' என்று மாற்றிக்கொள்ளும்படிதான் இருக்கும். மாற்ற முடியாத சொல்லை வைத்தால் செய்தி செத்தது.

செயிண்ட் டெனி நண்பர், புதன் இரவு

பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து வணக்கம். எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. எங்கள் 7 உறுப்பினர்களும் பாரிஸில் போய்க் கேட்கிறார்கள். அங்கே கேள்வி கேட்பதற்குள் இங்கே இரவாகிவிடும்.

மட்டுறுத்துநர், புதன் இரவு

அவை/சபை சொற்பிறப்புக்குத் தனி இழை தொடங்கவும். இந்த இழையில் அரசியலும் வேண்டாம். தேர்தலில் 60க்கு 0 என்ற முடிவு 1982, 1995, 2024 என மூன்று முறை வந்த நாட்டில் எதிர்க்கட்சித் தலைவருக்கு என்ன வேலை என்று எழுதப்பட்ட நீண்ட மடலை நிறுத்தி வைத்திருக்கிறேன். எழுதியவருக்குக் காரணம் தெரியும்.

ரோஸ் ஹில் ஆசிரியை, வியாழன் மாலை

இன்று வகுப்பில் கரும்பலகையில் நான்கு சொல் எழுதினேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

'புறநிரல் வினா': "புறநானூறா டீச்சர்?" நிரல் என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கணினி வகுப்புக்குப் போகும் ஒருவன் மட்டும் கணினி நிரல் என்றான்.

'உடனடி வினா' (கொழும்பு அக்கா தனிமடலில் தந்தது. பிரிட்டிஷ் மக்களவையே பழைய பெயரை விட்டு 'அவசரக் கேள்வி' என்று மாற்றிக்கொண்டதாம், பிரபுக்கள் அவையில்தான் பழைய பெயர் இருக்கிறதாம்): "நூடுல்ஸ் மாதிரியா?"

'அறிவினா': "அறிவுள்ள கேள்வியா?" என்று ஒருத்தி கேட்டாள். அப்படியானால் மற்ற கேள்விகள் என்ன என்று இன்னொருத்தி. ஐயா, இதை எடுத்துவிட்டேன்.

'தனியறிவிப்பு வினா': தனி என்றதும் எல்லாருக்கும் தனிவகுப்புதான் ஞாபகம் வந்தது. பள்ளி முடிந்து ஓடுவது அதற்குத்தானே! ஆனால் அதுவே உதவியது. "பொது வகுப்பில் சொல்லாமல் தனியாகச் சொன்னது" என்று ஒரு பையன் வீட்டில் பேசும் கிரியோலில் விளக்கினான். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கே ஒன்று யோசிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் கேள்வியும் பாடப்புத்தகச் சொல்தான், வினாவும் பாடப்புத்தகச் சொல்தான். வீட்டில் இரண்டும் இல்லை. தமிழ்நாட்டில் எது எளிது என்று நீங்கள் சண்டை போடும் அளவுகோல் இங்கே செல்லாது. அவர்களுக்கு வீட்டிலிருந்து வந்த தமிழ் என்றால் முரூமும் பிப்பங்காயும்தான். முருங்கையும் பீர்க்கங்காயும் கிரியோலுக்குள் போய்த் திரும்பி வந்த கோலம்.

போர்ட் லூயிஸ் செய்தியாளர், வியாழன் மாலை

முருங்கை முரூம் ஆகலாம் என்றால் பி.என்.கியூ. தமிழில் பி.என்.கியூ.வாகவே இருக்கலாமே? கறி சமைத்துச் சாப்பிட்டால் போதாதா, இலைக்குப் பெயர் தேட வேண்டுமா?

மோக்கா ஐயா, வியாழன் இரவு

முரூம் மக்கள் வாயில் தேய்ந்த சொல். பி.என்.கியூ. மூன்று எழுத்தின் எலும்புக்கூடு. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள். நிரல் தெரியாது என்பதற்காகச் சொல்லைக் கைவிட்டால் பிள்ளைக்கு நிரல் எப்போதுதான் தெரியும்? கடினமாக இருப்பதைக் கற்றுக்கொடுக்கத்தானே பள்ளிக்கூடம்?

கொழும்பு அக்கா, வியாழன் இரவு

ஐயா, நாளைக்கு வெள்ளி.

காத்ர போர்ன் அண்ணன், வியாழன் இரவு

தோற்ற வேட்பாளர்களிலிருந்து 8 பேர் வரை உள்ளே எடுக்கிறோமே, அந்த 'பெஸ்ட் லூசர்'க்குச் சொல் தேடியபோதும் இப்படித்தான் அவசரப்பட்டீர்கள். 'தோற்றோருள் முதல்வர்' என்று நான் சொன்னேன். முதல்வர் என்றால் தமிழ்நாட்டு முதலமைச்சர் என்று நினைப்பார்கள் என்று தள்ளிவிட்டீர்கள். இன்றுவரை அதற்குச் சொல் இல்லை.

மட்டுறுத்துநர், வியாழன் இரவு

வாக்கு எண்ணிக்கை: தனியறிவிப்பு வினா 6, எதிர்க்கட்சித் தலைவர் வினா 3, புறநிரல் வினா 1, பிரிவறி வினா 1. பெரிய பெரும்பான்மை என்று சொல்ல முடியாவிட்டாலும் எல்லாருக்கும் தூக்கம் வருகிறது.

மோக்கா ஐயா, வியாழன் நள்ளிரவு

என் மறுப்பைப் பதிவு செய்யவும். நிற்க, 'தனியறிவிப்பு வினா' என்றே போவதானால் முதல் இரண்டையும் சேர்த்து எழுதவும், வினாவைப் பிரித்து எழுதவும். 'தனி அறிவிப்புவினா' என்று அச்சாகிவிட்டால் மறுபடியும் தனி போய் வினாவில் ஒட்டிக்கொள்ளும்.

ரோஸ் ஹில் ஆசிரியை, வெள்ளி மதியம்

அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் "எதிர்க்கட்சித் தலைவர் அமர்வு நாளன்று காலையில் கொடுக்கும் தனியறிவிப்பு வினா" என்று ஒரு முறை விரித்து எழுதியிருக்கிறேன், செய்தியாளருக்கும் பாதி திருப்தி. ஐயா சொன்னபடியே சேர்த்தும் பிரித்தும் இருக்கிறது. கூச்சலை அவைப் பதிவேட்டில் அடைப்புக்குறிக்குள் ஒரே சொல்லாகப் போட்டிருக்கிறதே, அதற்குக் 'குறுக்கீடு' என்று வைத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை, கேட்டால் அடுத்த வெள்ளி ஆகிவிடும்.

அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். இரண்டாம் பக்கம் கீழே "மேசை கூறியது" அப்படியே இருக்கிறது.