தாராவிக்குத் தமிழும் மராத்தியும் எழுதத் தெரிந்தவர்கள் தேவை

வணக்கம். பள்ளியில் பிள்ளைகள் படும் சீண்டல் பற்றித் தாராவித் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை தயாரிக்கிறோம். இரு மொழியிலும் எழுதும் 3 பேர் வேண்டும்.

சொல்ல வேண்டியது இதுதான். ஒருநாள் சண்டை வேறு. பலம் கூடியவர் திரும்பத் திரும்பச் சீண்டுவதுதான் கொடுமைப்படுத்தல். பேச்சு வழக்கு, நிறம், சாதி என்று எதை வைத்துத் தொடங்கினாலும், சுற்றி நின்று சிரிப்பவர்களால்தான் அது வளர்கிறது. திங்கள் காலை வயிற்றுவலி, கிழிந்த நோட்டு, கெட்ட தூக்கம் எல்லாம் அடையாளங்கள். "திருப்பி அடி" என்று மட்டும் சொல்லாதீர்கள், தயவுசெய்து. கடைசியில் மாட்டுவது உங்கள் பிள்ளைதான். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் பேசினாலும் பயம்தான் கூடும். தேதி, இடம், பார்த்தவர் பெயர் குறித்து, தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவிக்கு 14416.

மராத்தி வரைவைச் சரிபார்க்க யார் வருகிறீர்கள்?